எழுத்தால் எழுதும் சித்திரங்கள்

எழுத்தையும் ஓவியத்தையும் ஒன்றாக்கி மகிழும் வேட்கை மனிதனுக்குப் புதிதன்று. தமிழ்ப் புலவர்கள் செய்யுளின் எழுத்துக்களைப் பாம்பின் உடலிலும் சக்கரத்தின் ஆரங்களிலும் அடைத்துச் சித்திரகவி பாடினர். தண்டியலங்காரமும் அவற்றுக்குச் சொல்லணியியலில் இடமளித்தது. மேனாட்டிலே 1898ஆம் ஆண்டில் புளோரா ஸ்ரேசி என்னும் மாது தட்டெழுத்துப் பொறியைக் கொண்டே வண்ணத்துப்பூச்சி ஒன்றை வரைந்தார்.

அவ்வேட்கையே கணினியிலும் புகுந்தது. 1963இல் வகுக்கப்பெற்றுப் பின்னர் திருத்தம் பெற்ற ஆஸ்கி அட்டவணையில், இடைவெளியையும் சேர்த்து, அச்சிடத்தக்க குறிகள் 95 மட்டுமே. 1988இல் பின்லாந்தினரான யார்க்கோ ஒய்க்கரினன் ஐ.ஆர்.சி. என்னும் இணைய அரட்டை முறையை அமைத்தார். எழுத்தன்றி வேறெதுவும் தோன்றாத அவ்வறைகளில், அன்பர்கள் கோடும் புள்ளியும் அடைப்புக்குறியும் கொண்டு பூனையும் ரோசாவும் வரைந்து பரிமாறினர்.

இது வீண் பொழுதுபோக்கு என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதோம். குறிகள் யாவும் சம அகலம் பெற்ற எழுத்துருவிலே ஓர் இடைவெளி பிசகினும் பூனையின் காது கன்னத்தில் வந்து அமரும். அத்துணைப் பொறுமையைக் கற்பிக்கும் பயிற்சியை இகழ்தல் தகாது.

ஆயினும் பகிர்வோர்க்குப் பண்பு வேண்டும். ஐ.ஆர்.சி.யில் சித்திரம் வரி வரியாகவே செல்லும். நாற்பது வரிகளை ஒருங்கே கொட்டினால் பிறர் உரையாடல் திரையை விட்டு ஓடி மறையும். அங்ஙனம் கொட்டுவோரைச் சேவையகங்களே வெளியேற்றுவதுண்டு. மேலும், கட்புலன் இழந்த அன்பர்க்குத் திரைவாசிக் கருவி அக்குறிகளை ஒவ்வொன்றாக ஒலித்துக் காட்டும். அவர் செவிக்கு அது வெறும் இரைச்சலே. 'இது பூனையின் படம்' என ஒரு வரி முன்னே எழுதினால் அவரும் சபையில் ஒருவராவார்.

யாம் பெரிதும் கண்டிப்பது வேறொன்று. சித்திரம் படைத்தோர் அதன் மூலையில் தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பொறிப்பது வழக்கம். அவர் பொருள் கேட்டிலர். வேண்டியது அவ்விரண்டு மூன்று எழுத்தே. அதனையும் அழித்துத் தமதே போலப் பிறர்க்கு அனுப்புவோர் உளர். சங்கப் புலவருள் பெயர் மறைந்தாரைச் செம்புலப்பெயனீரார் என அவர்தம் பாட்டின் தொடராலேயே அழைக்கிறோம். அவ்விழப்புக் காலத்தால் நேர்ந்தது. இதுவோ கற்றவர் தம் கையாற் செய்வது.

எம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று பல தேசங்களிற் சிதறி வாழ்கின்றனர்; அவர்களைக் கூட்டிவைப்பனவும் இத்தகைய உரையாடல்களே. அங்கே சித்திரமாயினும் கவிதையாயினும் பிறர் ஆக்கத்தைப் பகிருங்கால், ஆக்கியோன் பெயரையும் உடன் அனுப்புதல் கடனெனக் கொள்வோமாக. இளம் மாணாக்கரும் இவ்வழக்கத்தை இன்றே கைக்கொள்வாராக.