அந்தப் படத்தில் இருக்கிறது ஆர்?

எங்கட ஊர் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துப் பாருங்கள். கையில் வரும்போது முகம் வெளுத்திருக்கும், கன்னத்துத் தழும்பைக் காணாது. "வடிவா வந்திருக்கு" எண்டு அம்மாவும் சொல்லுவா.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவுக்குத்தான் போகவேண்டும். ஆனால் அமெரிக்க கிறீன் கார்ட் லொத்தருக்குப் படத்தை வீட்டிலேயே போனில் எடுக்கலாம். பின்னால் வெள்ளைச் சுவர், முகத்துக்கு நேரே ஜன்னல் வெளிச்சம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள். செல்பி வேண்டாம், கிட்டத்தில் எடுத்தால் மூக்குப் பெருக்கும். தம்பியைக் கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். 600க்கு 600 பிக்சல், 240 கிலோபைட்டுக்குள் இருந்தால் போதும்.

முக்கியமானது, போனில் இருக்கிற பியூட்டி மோடை நிப்பாட்டுவது. நிறத்தை மாற்றிய படம் செல்லாது என்பது அவர்களுடைய விதி.

எனக்கு உறுத்துவதும் அதுதான். உன்ர நிறத்தை உள்ளபடி காட்டு எண்டு சொல்ல எங்களுக்கு ஒரு வெளிநாட்டு விண்ணப்பம் வேண்டியிருக்கு. ஸ்டூடியோ அண்ணாவிடம் நாங்களே சொல்லலாமே: "வெளுப்பாக்க வேண்டாம், அப்பிடியே விடுங்கோ."