முதலில் நீச்சல், பிறகுதான் டிக்கெட்

போன விடுமுறையில் முதுகுப்பையோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போன என் தோழி ஸ்கூபா முக்குளிப்பு கற்காமலேயே திரும்பினாள். பொதுவாக இந்தப் பயிற்சியில் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். அவளுக்கு நீச்சலே தெரியாது! நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாம் மலிவான டிக்கெட்டைத் தேடிவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பருவமழை; பெரும்பாலான விடுதிகள் மூடிவிடும். தொடக்கப் பயிற்சிக்கே 3, 4 நாள் ஆகும். கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி ஆபத்தாகலாம். ஆகவே பயிற்சியை முதலில் வைத்து, கடைசி நாளைச் சும்மா விடுங்கள். சுற்றிப் பார்ப்பது குறைந்தால் குறையட்டும். பக்கத்து நீச்சல் குளத்துக்கு இந்த வாரமே போகலாமே?