முதியோரை முழுமையாகப் பார்ப்பவர் யார்?

புதுச்சேரியில் வைத்தியத்திற்குப் பஞ்சமில்லை. 1823-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கத்தார் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் ஒருபுறமும், நகரின் நடுவே இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை மறுபுறமும், சுற்றிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகளுமாக, கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களின் மக்களும் நாடி வருகின்ற ஊர் இது. ஆயினும், எழுபதைக் கடந்த ஒருவரின் இருதயத்தை ஒரு வைத்தியரும், சர்க்கரையை இன்னொருவரும், முழங்காலை மற்றொருவரும் கவனித்துக்கொண்டிருக்க, அந்த மனிதரை முழுமையாகப் பார்ப்பதற்கு ஒருவருமில்லாமற் போவதே முதியோர் சிகிச்சையின் பெருங்குறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்துறையில் அனுபவம் முதிர்ந்த தாதியரும் சமூக ஊழியரும் எல்லாவற்றினும் மேலாக மதிப்பது, அதே முகம் மறுபடியும் அதே வீட்டுக்குப் போவதைத்தான். குருசுக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்பில் திண்ணையில் அமர்ந்து, "அம்மா, பையில இருக்கிற மாத்திரையெல்லாம் இப்படிக் கொட்டுங்க, பார்க்கலாம்" என்று ஒரு நர்ஸ் கேட்கும்போது, இரண்டு வைத்தியர் இரண்டு கம்பெனிப் பெயர்களில் எழுதிக்கொடுத்த ஒரே அம்லோடிபின் மாத்திரை இரண்டு அட்டைகளாக வந்து விழும். கால் வீக்கத்திற்கும், எழுந்து நின்றால் வரும் கிறுகிறுப்புக்கும் அதுவே காரணமாயிருக்கக் கூடுமென்று அப்போதுதான் தோன்றும். அதைக் கண்டதோடு நில்லாமல், இரு வைத்தியரிடமும் பேசி, எதை நிறுத்துவதென்று அவர்களைக் கொண்டே தீர்மானிக்கச் செய்து, பாட்டிக்கும் மருமகளுக்கும் விளங்கும்படி தமிழில் எழுதி வைப்பவர் யாரோ அவரே உண்மையான ஒருங்கிணைப்பாளர். இரவில் எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபின் செய்யும் அறுவை சிகிச்சையைக் காட்டிலும், இந்த அரைமணி நேர விசாரணை எத்தனையோ மடங்கு உயர்ந்த உபகாரமாகும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளோ இன்னும் அபாயகரமானது. ஆங்கிலத்தில் அச்சடித்த டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். வீட்டில் படியேற முடியுமா, இன்சுலின் யார் போடுவது என்று கேட்பாரில்லை.

நம் ஊருக்கென்று ஒரு விசேஷமான நிலையும் உண்டு. 1962-இல் இந்தியாவுடன் சட்டபூர்வமாக இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களிலும், நாம் சொல்தா என்றழைக்கும் பழைய படைவீரர்களின் குடும்பங்களிலும், பிள்ளைகள் பிரான்சில் வாழ, பென்ஷன் தவறாமல் வந்துகொண்டிருக்க, பக்கத்திலிருந்து கஞ்சி கொடுக்க மாத்திரம் ஆளில்லாத பெரியவர்கள் இருக்கிறார்கள். பாரிஸிலிருந்து தொலைபேசியில் கேட்கும் மகனுக்குத் தகப்பனாரின் ஸ்திதியைச் சொல்லவும், ஆஸ்பத்திரிக்குப் போக விருப்பமில்லை என்று தகப்பனார் சொன்னால் அந்த விருப்பத்தை மகனுக்கு விளக்கவும், நம்பத்தக்க ஒருவர் வேண்டாமா?

முதியோரை இவ்வாறு முழுமையாகப் பார்ப்பது புதிய சித்தாந்தமன்று. 1935-இல் லண்டனில் மார்ஜரி வாரன் என்ற பெண் வைத்தியர், தீராநோயாளிகள் என்று படுக்கையிலேயே தள்ளப்பட்டிருந்த முதியோரை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, பலரையும் நடக்கவைத்து வீட்டுக்கனுப்பினார். தாதியும் பயிற்சியாளரும் சமூக ஊழியரும் ஒன்றுகூடி உழைத்ததே அதன் மார்க்கம். நம் பக்கத்தில், வைத்தியர் வி. எஸ். நடராஜன் 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2021 முதல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோகிறது.

நம் நகரின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், முதியோர் சிகிச்சையை ஒருங்கிணைக்கும் பணியொன்றையே கவனிக்கும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸை அரசு நியமிக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து முதியவர் எவர் வீடு திரும்பினாலும் அன்றே அந்த நர்ஸுக்குத் தகவல் எட்ட வேண்டும். மருந்துகளும், அம்முதியவரின் விருப்பங்களும் தமிழில் எழுதிய ஒரே நோட்டுப் புத்தகம் எல்லா வைத்தியரிடமும் செல்லுபடியாக வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. சில சம்பளங்களுக்கு இடங்கொடுக்கும் மனம் சட்டசபைக்கு இருந்தால், அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.