ஆற்றங்கரைச் சாப்பாட்டில் போட்டி எதற்கு?

ஆடிப் பதினெட்டு என்றால் எங்கள் காம்பவுண்டில் உள்ள ஆறு குடித்தனமும் ஆளுக்கொரு சாதம் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவது வழக்கம். போன வருஷம் அது போட்டியாகிவிட்டது. ஒருத்தர் முந்திரி போட்டு புலாவ், இன்னொருத்தர் கடை ஸ்வீட். கோடி வீட்டு அக்கா மட்டும் தலைவலி என்று வரவில்லை. "வெறும் எலுமிச்சை சாதத்தை எப்படிம்மா கொண்டு வந்து வைக்கிறது?" என்று பிறகு சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. புலாவை மெச்சியதில் நானும் ஒருத்திதானே!

பகட்டு வந்தால் இல்லாதவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். அதனால் இந்த வருஷம் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: ஆளுக்கு ஒரே அயிட்டம், அரை மணியில் முடிகிற மாதிரி. தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய விட்டு, உறைக்கு ஒரு ஸ்பூன் தயிர் போதும், மத்தியானம் புளிக்காது. தேங்காய் சாதம் சீக்கிரம் ஊசிப்போகும், அதை முதலில் பரிமாறிவிட வேண்டும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிந்தால் கசக்காது. இது அந்த அக்கா சொல்லித் தந்தது.

ஆற்றங்கரையில் முதலில் காலியானது அக்காவின் தூக்குச்சட்டிதான். என் தயிர்சாதம் பாதி திரும்பி வந்தது!

- ஒரு வாசகி, திருச்சி.