தடைக்கு அஞ்சும் எழுத்து: மலையகச் சமூக ஊடகப் படைப்பாளர் குறித்துச் சில கருத்துகள்

மலையக மக்கள் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைத்துப் பிறர் செவிக்கு எட்டச் செய்வதற்கு வாய்த்த கருவிகள் மிகச் சிலவே. நாட்டார் பாடல் தோட்ட எல்லைக்குள் நின்றது. அச்சுப்பொறி நகரத்தில் இருந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் பிறர் கையில் இருந்தன. இந்நிலையில் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் இளைஞரும் யுவதியரும் இன்று கைப்பேசி ஒன்றைக் கொண்டு ஒழுகும் லயன் கூரையையும், கொழுந்து நிறுவையையும், அரைப்பேர் போடப்பட்ட நாளின் துயரையும், காமன் கூத்தையும் உலகுக்குக் காட்டுகின்றனர் எனில், அதனைச் சிறிய மாற்றமாகக் கொள்ளவியலாது. 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோரி மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டமைக்குச் சமூக ஊடகங்களின் வழியே பரவிய அழைப்பு பெருந்துணை புரிந்தது. 

இவ்வாறு கிடைத்த குரலோடு ஓர் அச்சமும் உடன் வந்துள்ளது. கணக்கு முடக்கப்படுமோ, காணொளி நீக்கப்படுமோ என்பதே அவ்வச்சம். அதற்கு மருந்தாக இளம் படைப்பாளருக்கு ஓர் அறிவுரை தாராளமாக வழங்கப்படுகின்றது. சம்பளத்தைப் பேசாதே, சங்கத்தைப் பேசாதே, துரையின் பெயரைச் சொல்லாதே, பேசியே ஆகவேண்டுமாயின் சொற்களைப் புள்ளியிட்டு உடைத்து எழுது, அருவியையும் பனிமூட்டத்தையும் கொழுந்துக் கூடையையும் காட்டினால் கணக்கும் பிழைக்கும், பார்வையாளரும் பெருகுவர் என்பதே அவ்வறிவுரை. இது தோட்டத்து வாசலில் நமது பாட்டன்மாருக்குக் கூறப்பட்ட பழைய புத்திமதியின் புதிய பதிப்பே என்பதும், இதனை ஏற்பது மலையக எழுத்துக்குக் கேடாய் முடியும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்வறிவுரையின் முதற் குற்றம், நியாயமான விதியையும் அச்சத்தினால் விளையும் மௌனத்தையும் அது ஒன்றாகக் கட்டிவைப்பதாகும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

விதியே வேண்டா என்பார் 2018 மார்ச் மாதத்தை நினைவுகூர வேண்டும். அன்று கண்டி மாவட்டத்தின் திகன முதலான இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தேயிலை மலைகளுக்கு அருகிலேயே நிகழ்ந்த இக்கொடுமைக்குச் சமூக ஊடகங்களிற் பரவிய வெறுப்புப் பேச்சு எண்ணெய் வார்த்தது. முஸ்லிம்களைக் கொல்லுமாறு அழைத்த சிங்களப் பதிவொன்றைக் குறித்து முறையிட்டவருக்கு, அது விதிகளை மீறவில்லை என்றே முகநூல் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. அந்நிறுவனம் 2020 மே மாதத்திலேயே தன் தளத்தால் விளைந்த தீங்குக்கு மன்னிப்புக் கோரியது. விதி இருந்தும் அதனை நடைமுறைப்படுத்துவோர் மொழியறியாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை. எனவே வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் விதி நமக்கு வேண்டும். ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ என்னும் வசைகளைக் கேட்டு வளர்ந்த சமூகம் அதனை வேண்டாமென்று கூறவியலுமா?

வேறு சில விதிகளும் இத்தகையனவே. குழந்தைகளின் உடலைக் காட்டுதல் கூடாதென்பது ஒன்று. இரக்கத்தைத் திரட்டுவதற்காக லயன் வாசலில் அரைகுறை ஆடையோடு நிற்கும் பிள்ளையின் படத்தை முகம் தெரியப் பரப்புவோர், தளம் அதனை நீக்கும்போது ஏழையின் குரல் நெரிக்கப்பட்டதாகக் கூக்குரலிடுவதிற் பொருளில்லை. அப்பிள்ளை நாளை பாடசாலைக்குச் செல்லவேண்டிய பிள்ளை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிவு லயன்களை மூடியது போன்ற பேரிடர்களில், இறந்தோரின் சிதைந்த உடல்களை அண்மைக் காட்சியாக வெளியிடுவதும் அவ்வாறே. அபாயகரமான சரிவில் அம்மக்கள் ஏன் குடியிருக்க வைக்கப்பட்டனர் என்ற வினாவை எழுப்பச் சடலத்தின் முகம் தேவைப்படுவதில்லை. இனி, காமன் கூத்தைப் படம்பிடித்துவிட்டு அதன் தப்பொலியை நீக்கித் திரைப்பாடலைச் சேர்ப்பவர் பதிப்புரிமை முறைப்பாட்டுக்கு ஆளாவது மட்டுமன்று, தம் மரபின் ஒலியையும் தாமே அழிக்கின்றார். இவ்விதிகளைத் தண்டனைக்கு அஞ்சியன்றி மனச்சான்றுக்கு உட்பட்டே கைக்கொள்ளுதல் தகும்.

ஆயின் எல்லா நீக்கங்களும் இவ்வகையின அல்ல. பல்கோடிப் பதிவுகளை முதலில் நோக்குவது இயந்திரமே. மனிதர் நோக்குவது அதன் பின்னரே, அதுவும் சிலவற்றை மட்டுமே. இயந்திரம் சொல்லை அறியும். சொல்லின் சூழலை முழுமையாக அறியாது. 2022 ஏப்ரலில் இலங்கை மருந்துத் தட்டுப்பாட்டில் தத்தளித்தபோது, இந்நாட்டு மருத்துவத் தொழிற்சங்கமொன்று மருந்துகளை நன்கொடையாக வேண்டி முகநூலிற் பதிவிட்டது. மருந்துப் பரிமாற்றம் பற்றிய விதியின் சொற்படி பார்த்தால் அது மீறலே. எனினும் விதியின் உட்கருத்துக்கு அது முரணாகாதெனக் கொண்டு மெற்றா நிறுவனம் அதனை நீக்காது விட்டது. அதன் மேற்பார்வைச் சபையும் 2023 மார்ச்சில் அம்முடிவை உறுதிசெய்தது. நிறுவனத்தின் மேல்மட்ட ஆய்வுக்குச் சென்ற பதிவு அது. மஸ்கெலியாத் தோட்டமொன்றின் இளைஞர் இட்ட பதிவுக்கு அத்தகைய ஆய்வு எளிதில் வாய்க்குமா என்பதே நமது கேள்வி.

மொழியின் சிக்கல் இதனினும் ஆழமானது. ‘கூலி’ என்பது தமிழில் உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் சொல். துரைமார் வாயிற்பட்டு ஆங்கிலத்தில் அது உழைக்கும் மனிதனையே இழித்துரைக்கும் சொல்லாயிற்று. ஒரே ஒலி ஒரு மொழியில் உரிமைக் கோரிக்கையாகவும் இன்னொரு மொழியில் வசையாகவும் நிற்கின்றது. ‘தோட்டக்காட்டான்’ என்று ஒருவரை ஏசுபவனும், அவ்வசையின் வரலாற்றை விளக்கிக் கண்டிப்பவனும் அதே சொல்லைத்தான் எழுதியாக வேண்டும். மலையகத் தமிழின் இந்நுட்பங்களை அறிந்தோர் தளங்களின் ஆய்வாளர் வரிசையில் இல்லாவிடின், ஏசுபவன் தப்புவதும் கண்டிப்பவன் தண்டிக்கப்படுவதும் நேரக்கூடியதே. இதற்குத் தீர்வு அச்சொல்லை எழுதாதிருப்பதன்று. அறிந்தோரை அமர்த்துக என நிறுவனங்களிடம் கோருவதாகும்.

இவ்விடத்திலே சொற்களை உடைத்தெழுதும் உபாயத்தை நோக்குதல் தகும். கொலை, தற்கொலை, போராட்டம் முதலிய சொற்களின் நடுவே புள்ளியோ உடுக்குறியோ எண்ணோ இட்டு, இயந்திரத்தின் கண்ணில் மண்தூவலாம் என்பது இன்று பெருந்திறமையாகப் போற்றப்படுகின்றது. இதற்கு ஆதரவாகக் கூறப்படும் வாதம் மேலோட்டமாக வலிமையுடையதே. நமது முன்னோரும் மறைத்துத்தான் பாடினர். கொழுந்தெடுக்கும் பெண்கள் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் பூடகமாகக் கேலி செய்து பாடவில்லையா என்று கேட்பர்.

பாடினர் என்பது உண்மை. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. அப்பாடலின் மறைபொருள் நிரையில் நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் விளங்கிற்று, உவமையும் குறிப்பும் அதனால் வளர்ந்தன, மொழி செழித்தது. புள்ளியிட்ட சொல்லால் மொழிக்கு எந்த ஆக்கமும் இல்லை. அன்றியும், அப்பாடல்கள் சொல் சிதையாது நினைவில் நின்றமையாலேயே சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் திரட்டித் தரமுடிந்தது. இன்று உடைத்தெழுதப்படும் சொல்லை இருபதாண்டுகளுக்குப் பின் எந்த ஆய்வாளர் எவ்வாறு தேடிக் கண்டெடுப்பார்? ‘சம்பளப் போராட்டம்’ என்று தேடுபவருக்கு அச்சொல்லே இல்லாத ஆவணக் குவியல் என்ன பயன் தரும்? இயந்திரமும் நெடுநாள் ஏமாறுவதில்லை. சில மாதங்களில் அவ்வுபாயத்தையும் அது கற்றுக்கொள்ளும். எழுதியவரோ விதியை ஏய்க்க முயன்றவராகக் கருதப்படும் நிலையும் ஏற்படலாம்.

தோட்டத்திற் பேச்சைத் தடுக்கும் முயற்சி கைப்பேசியோடு தோன்றியதன்று. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் நுழையவியலாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரி போலச் சென்று நிலைமையை அறிந்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அவர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய ஏடுகளில் கண்டதை வெளிப்பட எழுதினார். 1931இல் அட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் நிலையைப் பாடல்களாக்கிக் கூட்டங்களிற் பாடினார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்திற் பேசிய பிரேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். அக்கட்டளை சட்டத்துக்கு முரணானதென உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தது. நடேசய்யர் உடையை மறைத்தாரேயன்றிச் சொல்லை மறைக்கவில்லை என்பதும், பிரேஸ்கேடில் விடயத்தில் தடைக்கு விடையாக அமைந்தது முறையீடே என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கன.

அரசின் கையும் இன்று தூரத்தில் இல்லை. 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் நாடளாவிய முறையில் முடக்கப்பட்டன. முதலிரு சந்தர்ப்பங்களில் வன்முறையைத் தடுத்தல் காரணமாகக் கூறப்பட்டது. மூன்றாவது, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான மக்கள் எதிர்ப்பின்போது நிகழ்ந்தது. 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட அவ்வாண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்று எது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றிடம் அளிக்க வகைசெய்தது. தளத்தின் விதியை ஏய்ப்பதிலேயே தம் திறமையெல்லாம் செலவிட்டவர், சட்டத்தின் முன் நிற்கும்போது கையிற் சான்றேதுமின்றி நிற்பார். நாளும் இடமும் சான்றும் திருத்தமாக வைத்திருப்பவருக்கே இரண்டிடத்திலும் பாதுகாப்பு உண்டு.

தளத்தில் நாம் திறக்கும் கணக்கு உண்மையில் ஒரு லயன் அறையே. நிலம் கம்பனியுடையது, கூரை கம்பனியுடையது, உழைப்பு மட்டும் நம்முடையது. வெளியேறு என்றால் வெளியேற வேண்டும். முற்காலத்திலே கடனைத் தீர்த்துத் ‘துண்டு’ பெறாத தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல முடியாதிருந்தது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இன்றோ பல்லாயிரம் பேரைத் திரட்டிய படைப்பாளரும் அவர்களுள் ஒருவரையேனும் தம்முடன் வேறு தளத்துக்கு அழைத்துச் செல்ல வழியற்றிருக்கின்றார். வீட்டுரிமைக்கும் காணியுரிமைக்கும் இத்தனை காலம் குரல்கொடுத்துவரும் சமூகம், தன் நினைவையும் கலையையும் மட்டும் பிறர் நிலத்தில் முழுவதுமாகக் குடியேற்றுவது எங்ஙனம் பொருந்தும்?

ஆதலால் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுதல் கடன். ஒவ்வொரு தளத்தின் விதியையும் படைப்பாளர் தாமே படிக்க வேண்டும். செவிவழிச் செய்தியை நம்பலாகாது. யூரியூப்பில் பெரும்பாலும் முதல் மீறலுக்கு எச்சரிக்கையும், அதன் பின் 90 நாட்களுக்குள் மூன்று குற்றப்புள்ளிகள் சேருமாயின் அலைவரிசை நீக்கமும் நிகழும் என்பதை அறிந்தவர், முதற் புள்ளியிலேயே நிதானிப்பார். காணொளியின் தொடக்கத்திலேயே இடம், நாள், நோக்கம் ஆகியவற்றைத் தெளிவுறச் சொல்லுதல் நன்று. செய்திக்கும் கல்விக்கும் அளிக்கப்படும் விலக்கு, சூழல் விளங்கினாலன்றிக் கிட்டாது. நேர்காணப்படும் தொழிலாளியின் இசைவைப் பெறுதலும், அவருக்கு வேலையிடத்திற் பழிவாங்கல் நேரக்கூடுமாயின் முகத்தையும் பெயரையும் மறைத்தலும் கடமையாகும். மறைக்க வேண்டியது அம்மனிதரையேயன்றி உண்மையை அன்று. தவறான நீக்கத்துக்கு எதிராக உரிய காலத்துள் ஒவ்வொரு முறையும் மேன்முறையீடு செய்தல் வேண்டும். வாளாவிருப்பது நீக்கத்தை ஏற்பதாகவே கொள்ளப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூலப்பிரதியைத் தம் கையில் வைத்திருத்தல் வேண்டும். நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக்காப்பு முயற்சிகளோடு இணைவதும், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மலையகக் காணொளிகளைத் தொகுத்துப் பேணும் பணியை மேற்கொள்வதும் காலத்தின் தேவையாகும்.

தடையே நேராத எழுத்தை உருவாக்குவது எளிது. அதற்கு எதையும் சொல்லாதிருந்தாற் போதும். அருவியையும் பனியையும் காட்டுவதில் தவறில்லை. அவற்றின் அடிவாரத்தில் வாழ்வோரை மறைக்கும் திரையாக அவை பயன்படுமிடத்தே தவறு தொடங்குகின்றது. நியாயமான தடைக்கு இடமளிக்காத ஒழுக்கமும், நியாயமற்ற தடை வந்துற்றால் எதிர்த்து முறையிடும் துணிவும், எத்தடையாலும் அழிந்துபோகாத சேமிப்பும் ஆகிய மூன்றையுமே மலையகப் படைப்பாளர் பயில வேண்டும். அவற்றைக் கற்பிக்காது மௌனத்தை மட்டும் கற்பிக்கும் அறிவுரையை, அது எத்துணை நல்லெண்ணத்தோடு கூறப்படினும், இளந்தலைமுறை மறுத்தல் வேண்டும்.