சக்கரத்துக்குள் சிவப்பு

காருக்கு அலங்காரம் செய்வதில் நம் ஆட்கள் விட்டுவைத்த இடம் ஒன்று சமீப காலம்வரை இருந்தது: பிரேக். டேஷ்போர்டில் பிள்ளையார் உட்கார்ந்துவிட்டார். பின்கண்ணாடியில் குலதெய்வமும் நடிகரும் பக்கத்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். ஸ்டியரிங்குக்கு உறை, சீட்டுக்கு உறை, சாவிக்குக்கூட உறை வந்தது. சக்கரத்துக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். அம்பாசிடர், பியட் நாட்களில் டிரம் பிரேக், அதை மறைத்து இரும்பு ரிம், அதையும் மறைத்து வீல் கப். அந்தக் கப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த டிரைவர்கள் உண்டு.

பிறகு அலாய் வீல் பரவலானது. ஆரக்கால்கள் மெலிந்துகொண்டே போயின, ரிம் பெருத்துக்கொண்டே போனது. ஒருநாள் பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது. தெரிந்தது என்ன? துருவும் கறுப்புத் தூசியும் அப்பிய ஓர் இரும்புக் கட்டி. அதுதான் கேலிப்பர். முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அலாய் போட்டவன், அதற்கு நடுவில் இந்தத் துருவைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பான்?

கேலிப்பர் செய்கிற வேலை எளிமையானது. மிதியை அழுத்தினால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடைத் தள்ளும், இரண்டு பேடும் சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும். 1902-லேயே இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அது உலகத்தின் கண்ணில் பட்டது 1953-ல், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தபோது. நமக்கு இதில் சொந்தப் பெருமையும் கொஞ்சம் உண்டு. சென்னை பாடியில் லூகாஸ் என்றே ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறதே, அந்தப் பாடியில்தான் டி.வி.எஸ். குடும்பமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. அந்த வழியாகத் தினம் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கேலிப்பர் என்றால் என்னவென்று தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பிரேக் பிடித்தால் போதும்.

நம் சின்னக் கார்களில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைப் பிஸ்டன் வைத்த வார்ப்பிரும்புக் கேலிப்பர். வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும். திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் நிற்கிற கார் என்றால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். மேல்துருவால் பிரேக்குக்கு உடனடியாக ஆபத்து எதுவும் இல்லை. ஆகவே இதற்குச் சாயம் அடிப்பது முழுக்க முழுக்க அழகுக்காகத்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். அழகுக்காக ஒன்றைச் செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், கேலிப்பருக்குப் பலரும் அடிக்கிற சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

இத்தாலியில் பெர்கமோ நகரத்துக்கு அருகே 1961-ல் ஒரு சிறிய பட்டறையாகத் தொடங்கியது பிரெம்போ. 1975-ல் பெராரியின் பார்முலா ஒன் கார்களுக்கு பிரேக் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தது. அலுமினியத்தில் வார்த்து, இரண்டு பக்கமும் எதிரெதிரே பிஸ்டன் வைத்து, சிவப்புச் சாயமும் வெள்ளை எழுத்தில் பெயரும் போட்ட அதன் கேலிப்பர்தான் இன்று உலகம் முழுக்க நகலெடுக்கப்படுகிறது. போர்ஷே இன்னும் ஒரு படி மேலே போய் நிறத்தையே அடையாளமாக்கியது. அந்தக் கார்களில் வழக்கமாகச் சிவப்பு என்றால் வேக ரகத்தின் பெரிய பிரேக், மஞ்சள் என்றால் பீங்கான் கலந்த டிஸ்க், வெள்ளை என்றால் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க், பளிச்சிடும் பச்சை என்றால் ஹைபிரிட். விவரம் தெரிந்தவர் ஆரக்கால் இடுக்கில் பார்த்தே அது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். அங்கே நிறம் ஒரு செய்தி. செய்திக்குப் பின்னால் சரக்கும் இருக்கிறது.

நம் பக்கம் அந்தச் செய்தியில் நிறம் மட்டும் வந்து சேர்ந்தது. 2021-ல் ஹூண்டாய் தன் ஐ20 என் லைன் காரை முன் கேலிப்பருக்குச் சிவப்பு அடித்தே விற்பனைக்கு விட்டது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செய்கிற கார். அதற்குப் பிறகு, சிவப்பில்லாத கார் வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் காரில் ஏதோ குறைவதுபோல் தோன்ற ஆரம்பித்துவிட்டது. அந்தக் குறையைத் தீர்த்துவைக்க அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு இருக்கவே இருக்கிறது.

அங்கே ஒரு கடையில் கேலிப்பர் பெயின்ட் கேட்டேன். கடைக்காரர் பெயின்ட்டை எடுக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். செக்கச்செவேல் என்று, பெரிய இத்தாலியப் பிரேக்கின் வடிவத்தில், பெயரும் பொறித்து.

“பெயின்ட்லாம் எதுக்கு சார்? இதை ஒட்டினா அஞ்சு நிமிஷ வேலை.”

“பிரேக்ல சூடு ஏறுமேப்பா, பிளாஸ்டிக் தாங்குமா?”

“சிட்டில ஏது சார் சூடு? எங்க போனாலும் டிராபிக்தானே!”

சென்னையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் கார் சென்னையிலேயே நிற்பதில்லையே. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நிறுத்துகிறீர்கள். அந்த ஒரு நிறுத்தலில் பிரேக்கில் இறங்குகிற வெப்பம், ஒன்றரை லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் பெரும்பங்கு முன்சக்கரம் இரண்டுக்கும் போகும். கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளையும் கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே இறங்குகிறவர்கள், அடிவாரத்தில் வரும் கருகல் வாசனையை மறந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் கேலிப்பருக்குக் காற்று வேண்டும். பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடி காற்றை மறிக்கும், நாளடைவில் பசையும் விடும். விட்டால் அது விழுவதற்கு அங்கே இடம் கிடையாது. ரிம்முக்கும் மூடிக்கும் நடுவே இருப்பது குறுகலான சந்துதான். ஓடுகிற சக்கரத்தில் அங்கே ஒரு துண்டு சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கவர் வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்டிக்கர் இருக்கிறது. சாயத்தை நீங்கள் அடித்துக்கொள்ளலாம், பெயரைக் கடை கொடுக்கும். என் ஆட்சேபம் இதில்தான். சாயம் அலங்காரம், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒற்றைப் பிஸ்டன் இரும்புக் கேலிப்பரின் மேல் இத்தாலியக்காரன் பெயரை ஒட்டுவது வேறு ரகம். படிக்காத படிப்பைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற ஆளைப் பார்த்தால் வருகிற கூச்சம் எனக்கு அதைப் பார்த்தாலும் வருகிறது. ஒரிஜினலைப் பார்க்க வேண்டுமென்றால் சிக்னலில் பக்கத்தில் நிற்கிற ராயல் என்பீல்டு இன்டர்செப்டர் 650-ஐக் குனிந்து பாருங்கள். சென்னையில் தயாராகிற பைக். அதில் இருப்பது பைபிரே, பிரெம்போவே சின்ன பைக்குகளுக்காக வைத்த பெயர். கறுப்பாக, சத்தம் போடாமல் இருக்கும்.

என் அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் ஸ்டிக்கரை விட்டுவிட்டான், சிவப்பை விடவில்லை.

“வெள்ளைக் காரு மாமா. செவப்பு அடிச்சா எடுத்துக் காட்டும்.”

“எதைடா எடுத்துக் காட்டும்? உள்ள இருக்கறதே உள்ளங்கை அளவு.”

“சரி, பின்னாடி டிரம்முக்கும் சேத்து அடிச்சிட்டா?”

“பெயின்ட் டப்பாவை மாட்டி வெச்ச மாதிரி இருக்கும்.”

நிறத் தேர்வில் பலர் கவனிக்காத விஷயம் இது. சிவப்பு கண்ணை இழுக்கும். இழுத்த இடத்தில் பெரிதாக ஏதாவது இருந்தால் அழகு. 16 அங்குல ரிம்முக்கு நடுவே சின்ன டிஸ்க், அதன் ஓரத்தில் சின்னக் கேலிப்பர் என்றால், “பாருங்கள், எவ்வளவு சின்னது” என்று அது தானே கூவிச் சொல்லிவிடும். மஞ்சளும் வெள்ளையும் கடையில் அழகு. பேடும் டிஸ்க்கும் தேய்ந்து வரும் கறுப்புத் தூசி ஒரே வாரத்தில் இரண்டையும் அழுக்காக்கிவிடும். என்னைக் கேட்டால் அடர்ந்த சாம்பல் நிறம், அல்லது வெள்ளி. துரு மறையும், தூசி தெரியாது, பின் டிரம்முக்கும் அதே நிறத்தை அடித்தால் நான்கு சக்கரமும் ஒரே குடும்பமாகத் தெரியும். இது கிழட்டு ரசனை என்று அவன் சொன்னான். இருக்கலாம். நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்து லாரிகளின் சக்கர நடுவிலும் போல்ட்டிலும் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் அடித்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் மனசு துள்ளத்தான் செய்கிறது. அந்த நிறங்கள் எதையும் தங்களுடையது என்று பொய்யாக உரிமை கொண்டாடுவதில்லை. லாரியின் சக்கரமும் அந்த நிறத்தைத் தாங்குகிற அளவுக்குப் பெரியது. கடைசியில் அவன் அடர்சாம்பலுக்கு ஒத்துக்கொண்டான், என் வாதத்தால் அல்ல, கடையில் சிவப்பு தீர்ந்துபோயிருந்ததால்.

வேலைக்கு வருவோம். கழற்றாமல் ஆரக்கால் இடுக்கிலேயே பிரஷ்ஷை விட்டு அடித்துத் தருகிறேன் என்று எந்த டிங்கரிங் கடையாவது சொன்னால் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சக்கரம் கழன்றே ஆக வேண்டும். சமதரை, மற்ற சக்கரங்களுக்கு அடைகல், கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்துவது, பிறகு ஜாக்கி, ஜாக்கி தூக்கியதும் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் கையோ தலையோ போகக் கூடாது. பின்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கை நம்பிப் பயனில்லை, நம் கார்களில் அது பிடிப்பதே பின்சக்கரத்தைத்தான்.

பெயின்ட் அடிப்பது கடைசி அரை மணி நேரம். மீதியெல்லாம் சுத்தம் செய்வது. கம்பி பிரஷ்ஷால் துருவையும் செதிலையும் உதிர்த்து, மூலைகளை உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்து, மறுபடி தெளித்து, துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை துடைக்க வேண்டும். மூக்கில் முகக்கவசம் இருக்கட்டும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கத்தையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பசை ஒரு துளி மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் பெயின்ட் தோலாக உரியும்.

எதில் அடிக்கக் கூடாது என்பது எதில் அடிப்பது என்பதைவிட முக்கியம். பிஸ்டனைச் சுற்றிய ரப்பர், கேலிப்பர் நகர்வதற்கான பின்களின் ரப்பர், பிரேக் ஆயில் வரும் ஹோஸ், ஏர் எடுக்கிற நிப்பிள், பேட், டிஸ்க்கின் முகம், இவற்றையெல்லாம் மாஸ்கிங் டேப்பும் பழைய பேப்பரும் போட்டு மூட வேண்டும். பேட் நழுவி உட்காரும் பள்ளத்தில் பெயின்ட் படிந்தால் பேட் இறுகிக்கொள்ளும், பிரேக்கை விட்ட பிறகும் உரசிக்கொண்டே இருக்கும். அழகு செய்யப்போய் மைலேஜும் போய் டிஸ்க்கும் போகும்.

பெயின்ட் என்றால் வீட்டு கேட்டுக்கு அடிக்கிற எனாமல் அல்ல. அது சூட்டில் மஞ்சளித்து, இளகி, தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். கேலிப்பருக்கென்றே சூடு தாங்குகிற வகை கிடைக்கிறது, ஸ்பிரே டப்பாவாகவும், இரண்டைக் கலந்து பிரஷ்ஷால் அடிக்கிற எபாக்சியாகவும். வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் பிரஷ் வகையைத்தான் சொல்வேன். காற்றில் பறக்காது, மூட வேண்டிய இடம் குறையும், தடிப்பாகப் படிந்து வார்ப்பின் சொரசொரப்பை நிரவிவிடும். ஸ்பிரே என்றால் மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், ஈரக்காற்றில் பூச்சு மங்கிப்போகும். கேலிப்பரைத் தனியே கழற்றிப் பவுடர் கோட்டிங் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த அடுப்புச் சூட்டில் உள்ளிருக்கும் ரப்பர் சீல் பிழைக்காது. எல்லாவற்றையும் பிரித்து, புதுச் சீல் போட்டு, ஏர் எடுத்து முடிப்பது தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

சக்கரம் கழன்று கிடக்கிற நேரத்தில் பேடின் தடிமனைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றிவிடலாம். பிரேக் ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி இருந்தால் மிதி நேராகத் தரைக்குப் போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மாற்றும்போது ஒரு சொட்டு புதுப் பெயின்ட்டின் மேல் விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், அந்த ஆயில் பெயின்ட்டைக் கரைக்கும். அதனாலேயே ஆயில் மாற்றுவதை முதலில் முடித்துவிட்டுச் சாயத்துக்கு வருவது புத்திசாலித்தனம்.

எல்லாம் காய்ந்து சக்கரம் ஏறியதும் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கிளப்புவதற்கு முன் மிதியை நாலைந்து முறை அழுத்தி அது கெட்டிப்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தெருவுக்கு வர வேண்டும். ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்க்கலாம். கழுவும்போது அமிலம் கலந்த வீல் கிளீனர் வேண்டாம், ஷாம்பூத் தண்ணீர் போதும்.

இந்த மோகம் எத்தனை நாளைக்கு என்று கேட்டால், மின்சாரக் கார்கள் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டன. அவற்றில் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்கிறது, அதில் பேட்டரிக்கும் கொஞ்சம் சார்ஜ் திரும்புகிறது. பேட் டிஸ்க்கை அதிகம் தொடாததால் டிஸ்க்கின் முகத்திலேயே துரு படிகிறது. போக்ஸ்வாகன் தன் ஐடி.4 மின்சாரக் காரின் பின்சக்கரத்துக்கு மறுபடியும் டிரம் பிரேக்கையே வைத்துவிட்டது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தால், சாயக்காரர்களுக்கு முன்பக்கம் இரண்டுதான் மிஞ்சும். சின்ன டப்பாவாகவே வாங்குங்கள்.