தட்டினா எரியுற டார்ச்சும், தட்டிக் கழிக்கிற நாமும்

மக்களே, பழைய டார்ச்சை எல்இடிக்கு மாத்துறேன் பேர்வழின்னு ஸ்க்ரூ டிரைவரோட கிளம்புற எல்லாருக்கும் (முதல்ல எனக்கும்) இந்தப் பதிவு. கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க வீடு திருவையாறு பக்கம். ரெண்டு பெரிய பேட்டரிக் கட்டை போடுற பழைய பித்தளை டார்ச் ஒண்ணு இருக்கு. பல்பைக் கழட்டிட்டு எல்இடி வெச்சேன். கட்டைக்குப் பதிலா ஒரு 18650 லித்தியம் செல். அது 18 மி.மீ. தான் குறுக்களவு, டார்ச் குழாயோ 33 மி.மீ.க்கும் மேல. அதனால அட்டையைச் சுருட்டித் திணிச்சேன். மிச்ச நீளத்துக்கு ஒரு போல்ட்டு, அதுமேல சாக்லேட் தாள். மேசையில வெச்சு ஸ்விட்சைத் தள்ளினேன். பளிச்! படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி ஆஹா ஓஹோவும் வாங்கியாச்சு.

ஐப்பசி மழையில சம்பா நடவு முழுகுற மாதிரி இருந்துச்சு. அப்பா ராத்திரி மம்பட்டியோட தண்ணியை வடிய வைக்கப் போனார். பாதி வரப்புல லைட்டு அணைஞ்சுது. தட்டினார், எரிஞ்சுது. திரும்ப அணைஞ்சுது. மூணாவது தட்டுல எரிஞ்சப்போ, ரெண்டடி முன்னால கட்டுவிரியன்.

திரும்பி வந்து ஒரே வார்த்தை: "எரியாதுன்னு தெரிஞ்சிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்டா."

அதான் விஷயம். செத்துப்போன டார்ச் யாரையும் ஏமாத்தாது. அப்பப்போ எரியுற டார்ச் நம்ப வெச்சு நடு வயல்ல விட்டுடும். இந்தியாவுல 2000லேர்ந்து 2019 வரைக்கும் பாம்புக்கடிச் சாவு வருஷத்துக்குச் சராசரியா 58,000னு 2020ல வந்த ஆய்வு மதிப்பிட்டுச்சு. பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும்னு தமிழ்நாட்டுல 2024ல அறிவிச்சாங்க. நாம என்னடான்னா "ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்"னு சொல்லிக்கிட்டுத் திரியிறோம்.

கோளாறு எங்கேன்னு தேடினேன். செல்லு மேலதான் முதல் சந்தேகம். பாவம், அது நல்லாத்தான் இருந்துச்சு. டார்ச் எரியும்போதே மல்டிமீட்டரோட ரெண்டு முனையையும் ஸ்விட்சோட ரெண்டு பக்கமும் வெச்சேன். நல்ல ஸ்விட்சா இருந்தா கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். எனக்குக் கால் வோல்ட். உள்ளே பச்சைக் களிம்பு! அடி மூடி ஸ்பிரிங்குல இன்னொரு கால் வோல்ட். சாக்லேட் தாளைக் கேக்கவே வேணாம், ஆட்ட ஆட்ட முள்ளு கூத்தாடுது.

இதே களிம்பு முன்னாடியும் இருந்திருக்கும். பழைய பல்பு இழுத்தது சுமாரா 0.3 ஆம்பியர். அரை ஓம் தடை இருந்தாலும் 0.15 வோல்ட்தான் நஷ்டம், யாருக்கும் தெரியாது. நான் வெச்ச எல்இடி இழுக்கிறது ஒரு ஆம்பியர். அதே அரை ஓம் இப்போ அரை வோல்ட்டை முழுங்கும். செல் முழு சார்ஜுல 4.2 வோல்ட், அதனால மேசையில பளிச். 3.7க்கு இறங்கினதும், மூணு வோல்ட்டுக்கு மேல கேக்குற எல்இடிக்கு மிச்சமே இல்ல. வரப்புல ஒரு குலுக்கு போதும், கதை முடிஞ்சுது.

ஸ்விட்சை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். ஸ்பிரிங்குக்கு இணையா ஒரு ஒயரை ஈயம் வெச்சுப் பத்தினேன். அட்டைக்குப் பதில் பிவிசி குழாய், போல்ட்டுக்குப் பதில் லேத்துல கடைஞ்ச பித்தளைக் கட்டை. அரை மணி நேரம் எரியவிட்டுக் குலுக்கினேன். சாக்கு மேல போட்டுப் பாத்தேன். மூணு ராத்திரி நானே வரப்புல நடந்தேன். அதுக்கப்புறம்தான் அப்பா கையில கொடுத்தேன்.

"புதுசா வாங்கித் தொலைய வேண்டியதுதானே?"ன்னு சில பேர் கேப்பீங்க. வாங்குங்க, வேணாம்னு சொல்லல. ஆனா புதுசையும் குலுக்கிப் பாக்காமக் கொடுத்தா அதே கதைதான். மாத்துறதுல தப்பே இல்ல. "எரிஞ்சுது"ன்னு படம் எடுத்ததோட வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கிறதுதான் தப்பு. மேசையில எரியுறது நம்ம பெருமைக்கு. வரப்புல எரியுறதுதான் டார்ச்.

டிஸ்கி: லித்தியம் செல்லோட ரெண்டு முனையையும் ஒயரால நேரா இணைச்சு "பவர் இருக்கா"ன்னு பாக்குற வீரர்களே, வேணாம். தீப்பிடிக்கும். மல்டிமீட்டர் ஒண்ணு வாங்குங்க சாமி!